செருப்பு டோக்கனும் கூகுள் பட்டனும்!

குட்டீஸ், கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குவீர்கள் அல்லவா? பள்ளியில் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டு 'போனஃபைடு சர்டிபிகேட்' என்று ஒரு தாள் தருவாரே, அதையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரிலும் மொபைலிலும் நாம் அடிக்கடி அழுத்தும் ஒரு பட்டனுக்குள் இவை இரண்டும்தான் ஒளிந்திருக்கின்றன!

எந்தப் பட்டன் என்கிறீர்களா? புதிதாக ஒரு வெப்சைட்டுக்குள் போகும்போது, 'கூகுள் கணக்கு மூலம் உள்ளே வரலாம்', 'ஆப்பிள் கணக்கு மூலம் உள்ளே வரலாம்' என்று இருக்குமே, அதுதான். அழுத்தியதும் ஏதோ ஒரு பக்கம் வந்து போகிறது. அடுத்த நொடி, 'வருக!' என்று உங்கள் பெயரையே சொல்லி அழைக்கிறது அந்த வெப்சைட். அதற்கு உங்கள் பெயர் எப்படித் தெரிந்தது? உங்கள் பாஸ்வேர்டும் அதற்குத் தெரிந்துவிட்டதா?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் என் அக்கா பையன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். விடுகதை என்றால் அவனுக்கு உயிர். லீவில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விடுகதை வெப்சைட் ஒன்றை அவனே செய்திருந்தான். விடை சொன்னால் 10 மதிப்பெண், தப்பாகச் சொன்னால் ஒரு தவளை கத்தும். வகுப்பு நண்பர்கள் எல்லோரும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துச் சேர்ந்திருந்தார்கள்.

"மாமா, இங்க பாருங்க, எத்தனை பேர் சேர்ந்திருக்காங்கன்னு!" என்று பெருமையாக ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் பாஸ்வேர்டு, அப்படியே எழுத்து எழுத்தாக! அவன் நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு, "இந்த பாஸ்வேர்டை வேறு எங்கேயாவது வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "எங்க அப்பா மெயிலுக்கும் இதுதான் அங்கிள்."

புரிகிறதா குட்டீஸ்? அந்த ஃபைல் யார் கையிலாவது கிடைத்திருந்தால், திருடு போவது தவளை கத்தும் விடுகதை மதிப்பெண் இல்லை. ஒரு வீட்டின் மெயில். அந்த மெயில் வழியாக பேங்க் விவரம் வரைக்கும் போகலாம்.

பெரியவர்களும் செய்த தப்பு

இது சின்னப் பையன் செய்த தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 'ராக்யூ' என்று ஒரு நிறுவனம் இருந்தது. ஃபேஸ்புக், மைஸ்பேஸ் போன்றவற்றுக்கு விளையாட்டுகள் செய்து கொடுத்தார்கள். 2009 டிசம்பரில் அவர்களுடைய கம்ப்யூட்டருக்குள் ஒருவர் புகுந்தார். உள்ளே இருந்தவை 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள். எல்லாம் என் அக்கா பையன் வைத்திருந்ததைப் போலவே, எழுத்து எழுத்தாக! அதில் அதிகம் பேர் வைத்திருந்த பாஸ்வேர்டு எது தெரியுமா? 123456. சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர்!

இதற்கும் ஒரு தாத்தா கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்று கணக்கு வைப்பதற்காக ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் ஆலன் ஷெர். அவருக்குக் கிடைத்த நேரம் வாரத்துக்கு 4 மணி. போதவில்லை. 1962ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, 'பாஸ்வேர்டு ஃபைலை அச்சடித்துக் கொடு' என்று ஒரு துளை அட்டையில் எழுதி கம்ப்யூட்டருக்கே மனு போட்டார். அதுவும் சமர்த்தாக அச்சடித்து வைத்தது! சனிக்கிழமை காலை போய் எடுத்துக்கொண்டார். பல வருடங்கள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

நல்ல வெப்சைட்டுகள் பாஸ்வேர்டை அப்படியே வைப்பதில்லை; அரைத்து வைக்கின்றன. அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியுமா? அதேபோல ஒரு கணக்கு முறையால் பாஸ்வேர்டை அரைத்து, அந்த 'மாவை' மட்டும் சேமிப்பார்கள். அடுத்த முறை நீங்கள் வரும்போது கொடுக்கும் பாஸ்வேர்டையும் அரைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். இதைச் சரியாகச் செய்ய அனுபவம் வேண்டும். 'பாஸ்வேர்டு மறந்து போச்சு' என்று வருபவர்களுக்கும் வழி செய்ய வேண்டும்.

"அதுக்கு, பாஸ்வேர்டே வாங்காம இருந்துட்டா?" என்று கேட்டான் அக்கா பையன். சரியான கேள்வி!

தலைமை ஆசிரியர் சொன்னால் சரி

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓவியப் போட்டி. நீங்கள் போகிறீர்கள். வாசலில் இருக்கும் ஆசிரியருக்கு உங்களை யார் என்றே தெரியாது. ஆனால் நீங்கள் நீட்டும் போனஃபைடு சர்டிபிகேட்டில் உங்கள் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருக்கின்றன. "சரி, உள்ளே போ" என்கிறார். உங்கள் வீட்டு விலாசத்தையோ, அப்பாவின் பீரோ சாவியையோ அவர் கேட்கவில்லை. உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவரிடம், 'இவன் எங்கள் பையன்தான்' என்று சொல்கிறார். அவ்வளவுதான்.

நமது கதையில் தலைமை ஆசிரியர் கூகுள். போட்டி நடத்தும் பள்ளி, விடுகதை வெப்சைட்.

முதல் வேலை, விடுகதை வெப்சைட் கூகுளிடம் போய்த் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 'என் பெயர் இது, சர்டிபிகேட்டை அனுப்ப வேண்டிய விலாசம் இது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கூகுள் ஓர் அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சொல்லும் தரும். அடையாள எண்ணை ஊரே பார்க்கலாம். ரகசியச் சொல்லை வெப்சைட் நடத்தும் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக வைக்க வேண்டும். (என் அக்கா பையன் அதை முதல் நாளே, எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கத்தில் ஒட்டிவிட்டான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ரகசியச் சொல் வாங்கினோம்!)

இனி ஒரு நண்பன் பட்டனை அழுத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். விடுகதை வெப்சைட் அவனைக் கையோடு கூகுளின் வாசலுக்கு அனுப்பிவிடுகிறது. பாஸ்வேர்டு கேட்பது அங்கேதான். விடுகதை வெப்சைட்டுக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் பாஸ்வேர்டு அடிக்கும் முன் மேலே இருக்கும் முகவரியைப் படிக்க வேண்டும். 'அக்கவுண்ட்ஸ் டாட் கூகுள் டாட் காம்' என்று இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் அது போலி வாசலாக இருக்கலாம்.

அடுத்து கூகுள் அவனிடம், 'உன் பெயர், மெயில் முகவரி, படம் ஆகியவற்றை இந்த வெப்சைட் கேட்கிறது. கொடுக்கட்டுமா?' என்கிறது. 'சரி' என்றால், அவனைத் திருப்பி அனுப்புகிறது. இங்கேதான் ஒரு தமாஷ். சர்டிபிகேட்டை அவன் கையில் கொடுத்து அனுப்புவதில்லை! ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான் தருகிறது. ஏன்? அவன் வரும் வழி கடைத்தெரு மாதிரி. யாராவது எட்டிப் பார்க்கலாம். விடுகதை வெப்சைட் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தானே கூகுளிடம் போகும். சீட்டையும் தன் ரகசியச் சொல்லையும் சேர்த்துக் காட்டினால்தான் சர்டிபிகேட் கிடைக்கும். சீட்டு ஒரு தடவைதான் செல்லும். சில நிமிடங்களில் காலாவதியும் ஆகிவிடும். வழியில் ஒருவன் அதைத் திருடினாலும், ரகசியச் சொல் இல்லாமல் அது வெறும் காகிதம்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இந்தத் துண்டுச் சீட்டுதான். யாரோ உட்கார்ந்து, 'வழியில் திருடன் இருந்தால்?' என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

இன்னொரு திருடனும் உண்டு. அவன் எதையும் எடுக்க மாட்டான், கொடுப்பான்! தன் சீட்டோடு கூடிய லிங்க்கை உங்களுக்கு அனுப்பி, 'இதைத் தட்டு' என்பான். தட்டினால் உங்களுக்கே தெரியாமல் அவன் கணக்குக்குள் போய்விடுவீர்கள். அங்கே நீங்கள் எழுதுவதெல்லாம் அவன் கண்ணுக்குப் போகும். இதைத் தடுக்க, கூகுளுக்கு அனுப்பும்போதே விடுகதை வெப்சைட் ஒரு குலுக்கல் எண்ணையும் கொடுத்து அனுப்புகிறது. திரும்பி வருபவர் அதே எண்ணைக் கொண்டு வந்தாரா என்று பார்க்கிறது. இல்லையா? கதவு சாத்தப்படும்.

முத்திரை, பெயர், தேதி

சர்டிபிகேட் கைக்கு வந்ததும் பையன் துள்ளிக் குதித்தான். "வந்திருச்சு மாமா, உள்ள விட்டுடலாமா?"

"இரு. படிச்சுப் பார்த்தியா?" என்றேன்.

போட்டி வாசலில் நிற்கும் ஆசிரியர் மூன்று விஷயங்களைப் பார்ப்பார். முத்திரை உண்மையா? எதற்காகக் கொடுத்தது? தேதி என்ன? பஸ் பாஸுக்கு வாங்கிய சர்டிபிகேட்டை ஓவியப் போட்டியில் நீட்டினால் ஏற்பாரா? போன வருடத்துத் தாளை ஏற்பாரா?

கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டிலும் இதே கதைதான். கூகுள் போடும் முத்திரை ஒரு கணக்கு வித்தை. அதைப் போடக் கூகுளால் மட்டும்தான் முடியும். ஆனால் சரிதானா என்று யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். 'இது இன்ன வெப்சைட்டுக்காக' என்று உள்ளே அடையாள எண் எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால், வேறு ஏதோ கேம் வெப்சைட்டுக்காகக் கொடுத்த சர்டிபிகேட்டை அந்த ஆள் எடுத்து வந்து, உங்கள் பெயரில் இங்கே நுழைந்துவிடலாம். காலாவதி நேரமும் இருக்கும். கூகுள் தருவது 1 மணி நேரம்தான் செல்லும்.

இன்னொரு சின்ன விஷயம். சர்டிபிகேட்டில் பெயரும் மெயில் முகவரியும் இருந்தாலும், மதிப்பெண்ணை அவற்றின் பேரில் எழுதக்கூடாது. பெயர் இரண்டு பேருக்கு இருக்கலாம். மெயில் முகவரி மாறலாம். ஆளுக்கு ஒரு மாறாத எண் அதில் இருக்கும். பள்ளியில் அட்மிஷன் நம்பர் மாதிரி. அதைத்தான் நம்பவேண்டும்.

சரி, முத்திரை போடும் இடத்திலேயே தப்பு நடந்தால்? நடந்தது! ஆப்பிள் நிறுவனம் தன் பட்டனை அறிமுகம் செய்தது 2019ல். 2020 ஏப்ரலில் நம் இந்தியாவைச் சேர்ந்த பாவுக் ஜெயின் என்ற இளைஞர் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். எந்த மெயில் முகவரியைச் சொல்லிக் கேட்டாலும், ஆப்பிள் அசல் முத்திரை போட்டு சர்டிபிகேட் கொடுத்துவிட்டது! அதாவது, யாரோ ஒருவர் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் உங்கள் பெயரைச் சொல்ல, அவரும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டது மாதிரி. போட்டி வாசலில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்? பாவுக் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. நேராக ஆப்பிளிடம் சொன்னார். அவர்கள் ஓட்டையை அடைத்து, அவருக்கு 1 லட்சம் டாலர் பரிசு கொடுத்தார்கள். அப்போதைய மதிப்பில் சுமார் 75 லட்சம் ரூபாய்! யாரும் அந்த ஓட்டை வழியே புகுந்ததாகத் தெரியவில்லை என்றும் ஆப்பிள் சொன்னது.

செருப்பு டோக்கன் எங்கே?

மறக்கவில்லை, இதோ வருகிறேன். சர்டிபிகேட் 'நான் யார்' என்று சொல்வது. டோக்கன் 'இதை எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்வது. செருப்புக் கடைக்காரர் உங்கள் முகத்தையா பார்க்கிறார்? டோக்கனைத்தான். அதை உங்கள் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாலும் செருப்பு வரும். இராமாயணத்தில் அனுமன் கையில் இராமர் கொடுத்து அனுப்பிய கணையாழி நினைவிருக்கிறதா? அதைப் பார்த்த பிறகுதான் சீதைக்கு முழு நம்பிக்கை வந்தது. ஆள் புதியவர், அடையாளம் பழக்கமானது!

2000களில் சில வெப்சைட்டுகள், 'உங்கள் நண்பர்களைத் தேடித் தருகிறோம், மெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்' என்று கூசாமல் கேட்டன. மக்களும் கொடுத்தார்கள். ஒரு முகவரிப் புத்தகத்தைப் பார்க்க முழு வீட்டுச் சாவி! இது சரியில்லை என்று நினைத்தவர்களில் ஒருவர், ட்விட்டரில் வேலை பார்த்த பிளெய்ன் குக். 2006 கடைசியில் அவரும் கிறிஸ் மெசினா உள்ளிட்ட சில நண்பர்களும் பேசத் தொடங்கி, 2007ல் 'ஓஆத்' என்ற டோக்கன் முறையை எழுதி முடித்தார்கள். சாவிக்குப் பதில், 'இதை மட்டும் பார்க்கலாம்' என்று சொல்லும் டோக்கன். (இந்த கிறிஸ் மெசினாதான் அதே 2007ல் ட்விட்டரில் # குறியைப் போட்டுப் பேசலாம் என்று யோசனை சொன்னவர்!) அதன் இரண்டாம் பதிப்பு 2012ல் வந்தது. அதன்மேல் சர்டிபிகேட் முறையைச் சேர்த்து 2014ல் 'ஓபன்ஐடி கனெக்ட்' வந்தது. இன்றைக்கு அந்தப் பட்டனுக்குள் ஓடுவது இவைதான்.

டோக்கன் யார் கையில் இருந்தாலும் செல்லும் என்றேன் அல்லவா? அதுதான் அதன் ஆபத்தும். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, சுமார் 3 கோடி பேரின் டோக்கன்களைத் திருடிவிட்டார்கள். பாஸ்வேர்டு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை! ஃபேஸ்புக் என்ன செய்தது? சந்தேகத்துக்கு இடமான பழைய டோக்கன்களை எல்லாம் செல்லாமல் ஆக்கியது. ஒரே நாளில் சுமார் 9 கோடி பேர் வெளியே தள்ளப்பட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வர வேண்டியதாயிற்று.

தலைமை ஆசிரியர் லீவு போட்டால்? அதுவும் நடந்திருக்கிறது. 2020 டிசம்பர் 14ந் தேதி, நம் ஊரில் மாலை 5 மணி தாண்டிய நேரம். கூகுளில் யார் யார் என்று அடையாளம் பார்க்கும் பகுதி சுமார் முக்கால் மணி நேரம் படுத்துவிட்டது. கொரோனா காலம், வீட்டிலிருந்தே பாடம். ஜிமெயில், கிளாஸ்ரூம் எதற்குள்ளும் போக முடியவில்லை. ஒரே வாசலை நம்பினால் இந்தத் தொல்லையும் உண்டு.

ஆகவே விடுகதை வெப்சைட்டில் இரண்டு கதவுகள் வைத்தோம். ஒன்று கூகுள் பட்டன். இன்னொன்று 'விருந்தாளி'. யார் என்று சொல்லாமலே விளையாடலாம். மதிப்பெண் மட்டும் சேராது. அவன் வகுப்பில் பாதிப் பேருக்குச் சொந்தமாக மெயில் கணக்கு கிடையாது. 13 வயது ஆகாதவர்கள் பெற்றோர் மேற்பார்வையில் இருக்கும் கணக்கைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 'கூகுள் கணக்கு இருந்தால்தான் விடுகதை' என்று சொல்வது நியாயமா? எனக்கு நியாயமாகப் படவில்லை. மெயில் முகவரியையும் படத்தையும் வாங்கிச் சேமிப்பதையும் விட்டுவிட்டோம். விடுகதைக்கு எதற்கு மூஞ்சி?

பழைய பாஸ்வேர்டு ஃபைலை அவனே அழித்தான். அதற்கு முன், அதில் இருந்த ஒவ்வொரு நண்பன் வீட்டுக்கும் போன் போட்டு, "அந்த பாஸ்வேர்டை வேற எங்க வச்சிருந்தாலும் மாத்திடுங்க" என்று சொன்னான். எங்கள் திட்டத்திலேயே கஷ்டமான வேலை அதுதான். இரண்டு அப்பாக்களிடம் திட்டும் வாங்கினான்.

எல்லாம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தபோது, "மாமா, உங்க கணக்கைத் திறங்க" என்றான். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்த ஆப், எந்தெந்த வெப்சைட்டுக்கு நாம் 'சரி' சொல்லியிருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கிறது. வேண்டாததைத் தட்டி நீக்கலாம். என் பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. எப்போதோ ஒரு தடவை போட்டோவுக்கு மீசை வரைந்து பார்த்த ஆப், இன்னமும் அங்கே உட்கார்ந்திருந்தது!

பையன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "எத்தனை பேர்கிட்ட மாமா செருப்பு டோக்கனைக் கொடுத்து வச்சிருக்கீங்க?"